சிறு காயத்துக்கு வல்லாரை: எதுவரை நம்பலாம்?

மழை பிடித்துக்கொண்டால் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அட்டைக்கடி. கவாத்து நேரம் வந்தால் குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் கத்தி வெட்டு. உண்ணிச்செடி முள் கீறுவதற்குக் காலமே கிடையாது. நீலகிரியில் சிறு காயத்துக்கும் பஞ்சமில்லை, அதற்கு வைக்கிற மருந்துக்கும் பஞ்சமில்லை. காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், யூகலிப்டஸ் தைலம், ஓடையோரத்தில் பறித்துக் கசக்கி வைக்கிற பச்சிலை என்று ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். இதில் வல்லாரைக்கு இப்போது புது மவுசு. 'சிகா' என்று கொரியாக் கிரீமாகவும், 'ஜி ஷுவே சாவோ' என்று சீன மூலிகையாகவும் செல்போன் விளம்பரத்தில் வருவது நம் வல்லாரையேதான். 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று கூடவே ஒரு வரி. அந்த வரியில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் இந்தப் பதிவு.

சீன மருத்துவத்தில் இதற்குப் பழைய இடம் உண்டு. 'ஷென்னோங் பென்சாவோ ஜிங்' என்ற ஆதி மருந்து நூல் ஜி ஷுவே சாவோவைக் கடும் சூடு, ஆறாத புண், கட்டி, தோல் சிவப்பு ஆகியவற்றுக்குச் சொல்கிறது. அந்தக் காலத்தில் இதே பெயரில் வட்ட இலைக் கொடிகள் வேறு சிலவும் புழங்கியிருக்கின்றன என்பதால், பழைய நூலில் இருக்கிறது என்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. இன்றைய சீன அரசு மருந்து நூல் அதைவிடத் தெளிவு. செடி சென்டெல்லா ஏசியாட்டிகா, அதாவது நம் வல்லாரைதான் என்று வரையறுத்து, காமாலை, சூட்டு பேதி, கட்டி, விழுந்து அடிபட்ட காயம் என்று உபயோகத்தைப் பட்டியலிடுகிறது. உலர்ந்த மூலிகை 15 முதல் 30 கிராம் வரை கஷாயமாக என்பது அளவு. அதாவது முதன்மையாக அது உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து. கிரீம் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நம் பக்கத்திலும் இதைச் சோதித்த கதை பழையது. மொரீஷியஸில் புவாலோ என்ற மருத்துவர் தொழுநோய்க்கு வல்லாரையைப் பரிந்துரைக்க, 1855-இல் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹன்டர் அதைக் கொடுத்துப் பார்த்தார். உடல்நலம் கொஞ்சம் தேறுகிறது, ஆனால் தொழுநோய்க்கான மருந்து என்று சொல்ல முடியாது என்பது அவர் முடிவு. அதே காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படை மருந்தாளர் லெப்பின் இலையைப் பிரித்து ஒரு சத்தை எடுத்து 'வெல்லாரின்' என்று பெயரிட்டார். இன்று நாம் பேசுகிற ஏசியாட்டிகோசைடு தனியாகப் பிரிக்கப்பட்டது 1941-இல்.

வேலை செய்யும் சரக்கு நான்கு: ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு, ஏசியாட்டிக் அமிலம், மேடகாசிக் அமிலம். முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறு ஒட்டியவை, கடைசி இரண்டும் அது நீங்கியவை. தோலின் அடியில் நார் பின்னுகிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை இவை உசுப்புகின்றன, அந்த நாரான கொலாஜனின் உற்பத்தி கூடுகிறது. ரத்தத்தை நிறுத்துவதற்கு இவை உதவுவதில்லை. கிருமியைக் கொல்வதற்கும் இவற்றை நம்பக் கூடாது. மேலே சொன்ன பாதி உண்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. காயம் ஆறுவதற்குப் பல கட்டங்கள் உண்டு. ரத்தம் உறைவது முதல் சில நிமிடங்கள், வீங்கிச் சிவந்து சுத்தம் செய்துகொள்வது மூன்று நான்கு நாள், புதுத் திசு கட்டுவது அதன்பின் இரண்டு மூன்று வாரம், தழும்பு முறுக்கேறுவது மாதக்கணக்கில். வல்லாரைக்கு வேலை இருப்பது மூன்றாவது, நான்காவது கட்டங்களில். நம் ஆட்கள் அதை அரைத்து வைப்பதோ முதல் கட்டத்தில், ரத்தம் சொட்டச் சொட்ட.

விலங்குச் சோதனைகள் நன்றாகவே இருக்கின்றன. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளுக்கு வல்லாரைச் சாற்றுச் சத்தைக் கொடுத்துப் பார்த்த 1996 ஆய்வில், புதுத் திசுவில் கொலாஜனும் புரதமும் கூடின, மேல்தோலும் சீக்கிரம் மூடியது. லக்னோவில் கினிப்பன்றிகளின் தோலில் துளையிட்டு 0.2 சதவீத ஏசியாட்டிகோசைடு கரைசலைத் தடவினார்கள். 1999-இல் வெளியான முடிவுப்படி, கொலாஜனின் அளவுகோலான ஹைட்ராக்ஸிபுரோலின் 56 சதவீதமும், ஆறிய தோலின் இழுவிசைத் தாங்கும் திறன் 57 சதவீதமும் அதிகம். சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு 0.4 சதவீதம் தேவைப்பட்டது. 1998-இல் வந்த இன்னொரு எலி ஆய்வு ஆயின்மென்ட், கிரீம், ஜெல் மூன்றையும் தினம் மூன்று வேளை, 24 நாள் தடவி ஒப்பிட்டது. மேல்தோல் வேகமாக மூடியது ஜெல்லில். இந்த முடிவு நடைமுறைக்கு முக்கியம், பின்னால் சொல்கிறேன். ஆனால் எலித் தோல் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்ளும் தோல். மனிதத் தோல் அப்படியில்லை, புதுச் செல்கள் ஊர்ந்து வந்துதான் மூட வேண்டும். எலியின் சதவீதத்தை நம் விரலுக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது.

மனிதர்களிடம் நடந்தவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2017-இல் வந்த ஈரான் ஆய்வு. இரண்டாம் நிலைத் தீக்காயம் பட்ட 75 பேர். ஒரு பிரிவுக்கு 3 சதவீத வல்லாரை ஆயின்மென்ட், மற்றதற்கு வழக்கமான தீக்காயக் கிரீமான சில்வர் சல்ஃபாடயசின். முழுதாக ஆற முதல் பிரிவுக்குச் சராசரியாக 14.67 நாள், இரண்டாவதற்கு 21.53 நாள். ஒரு வாரம் லாபம் என்று தோன்றும். ஆனால் போட்டிக்கு நிறுத்திய ஆள் நோஞ்சான். சில்வர் சல்ஃபாடயசினே தீக்காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். அதை வென்றதை வைத்து வல்லாரைக்குப் பட்டம் கட்டினால் அவசரம்.

எனக்கு அதிகம் திருப்தி தருவது 2020-இல் தாய்லாந்தில் இருந்து வந்த சிறிய ஆய்வு. பருத் தழும்புக்கு லேசர் செய்துகொண்ட 30 பேரின் முகத்தில் ஒரு பக்கம் 0.05 சதவீத வல்லாரைச் சத்து ஜெல், மறுபக்கம் சத்து இல்லாத அதே ஜெல். எந்தப் பக்கம் எது என்று தடவியவருக்கும் தெரியாது, பார்த்த மருத்துவருக்கும் தெரியாது. ஆரம்ப நாட்களில் சிவப்பும் காயத்தின் தோற்றமும் சத்து உள்ள பக்கம் மேலாக இருந்தன. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் நேர்மையான வித்தியாசம். தோல் ஒட்டுக்காகத் தொடையில் சீவி எடுத்த இடத்தில் 7 சதவீதக் கிரீம் தடவிய இன்னொரு தாய்லாந்து ஆய்வில் தழும்பின் நிறம் மேம்பட்டது. சர்க்கரை நோயாளிகளின் புண்ணுக்கு 200 பேரிடம் 21 நாள் நடந்த ஆய்வும் உண்டு. ஆனால் அது காப்ஸ்யூல் விழுங்கியது, பூசியது இல்லை.

சத்து இல்லாத அதே ஜெல்லோடு ஒப்பிட்டதை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன் என்றால், காயத்தை ஈரமாக மூடி வைத்தாலே அது வேகமாக ஆறும். 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் காட்டியது இது. மூடிய காயம், காற்றாடக் காயவிட்ட காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியது. அப்படியென்றால் எந்த ஆயின்மென்ட்டும் கொஞ்சம் வேலை செய்யும், வெறும் வாசலினும் வேலை செய்யும், அரைத்து அப்பிய எந்தப் பச்சிலையும் ஈரத்தினாலேயே ஏதோ செய்தது போலத் தெரியும். 'வல்லாரை வைத்தேன், ஆறிவிட்டது' என்பது இதனால்தான் சாட்சியாக எடுபடாது. சமையலறை வெட்டு ஒன்றும் வைக்காவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் மூடிவிடும்.

இப்போது பச்சிலை விழுதின் கணக்கைப் போடுவோம். இலையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். 10 கிராம் பச்சிலையில் உலர்சரக்கு ஒன்றரை கிராம். சீன மருந்து நூல் கேட்கும் குறைந்தபட்சத் தரம், ஏசியாட்டிகோசைடும் மேடகாசோசைடும் சேர்ந்து 0.80 சதவீதம். அந்தத் தரத்தில் இருந்தால் ஒன்றரை கிராமில் 12 மில்லிகிராம். தண்ணீரே விடாமல் அரைத்த 10 கிராம் விழுதில் அது 0.12 சதவீதம், அதுவும் இரண்டு சத்தும் சேர்ந்து, பாதி நாருக்குள் சிக்கிக்கொண்டு. கினிப்பன்றிக்குப் போட்டது ஏசியாட்டிகோசைடு மட்டுமே 0.2 சதவீதம், கரைந்த நிலையில். ஐரோப்பிய மருந்து நூல் இன்னும் கறார், உலர்சரக்கில் டிரைடர்பீன் சத்துகள் (மேலே சொன்ன நான்கும் இந்த வகை) மொத்தம் 6 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. கணக்கிடும் முறை வேறு என்றாலும் இடைவெளி பெரிது. செடி முளைத்த இடம், நிழல், பறித்த பருவம் எல்லாவற்றையும் பொறுத்துச் சத்து ஏறி இறங்கும். மருந்துக் கம்பெனிகள் மடகாஸ்கர் செடியைத் தேடிப் போவது இதனால்தான். ஓடையோரம் பறித்ததில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை.

வல்லாரைத் தைலம் இதைவிட மோசம். சர்க்கரை ஒட்டிய சத்துகள் எண்ணெயில் சரியாகக் கரையாது. சாற்றை எண்ணெயில் விட்டு நீர் வற்றக் காய்ச்சி வடிகட்டினால் பெரும்பகுதி வண்டலோடு போய்விடும். முடிக்குத் தேய்க்க வாங்குங்கள், அது உங்கள் இஷ்டம், காயத்துக்கு வேண்டாம். எலி ஆய்வில் ஜெல் முந்தியது என்று சொன்னேனே, நீர் சேர்ந்த ஜெல் இந்தச் சத்துகளைத் தோலுக்கு எளிதாக விட்டுக்கொடுக்கிறது என்பது பொருத்தமான விளக்கம்.

செடியை அடையாளம் காண்பதிலும் சறுக்கல் உண்டு. வல்லாரை இலை சிறுநீரக வடிவம், காம்பு விளிம்பின் பிளவில் சேரும், கொடி சிவப்பு ஓடித் தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும், பூ இலைக்கடியில் ஒளிந்திருக்கும். கசக்கினால் கேரட் தழை வாடை லேசாக வரும், இரண்டும் ஒரே குடும்பம். சோலை ஓரங்களில் அதைப் போலவே படரும் ஹைட்ரோகோட்டைல் ஜவானிகாவின் இலை ஐந்து முதல் ஒன்பது மடலாகப் பிரிந்து, ரோமத்தோடு, பூக்கள் உருண்டைக் கொத்தாக இருக்கும். தொட்டிகளில் அலங்காரத்துக்கு வளர்க்கும் வட்ட இலை நீர்ச்செடியில் காம்பு இலையின் நடுவில் குத்தி நிற்கும். இரண்டும் வல்லாரை இல்லை. 'பிரமி' என்று லேபிள் ஒட்டிய பொடி வல்லாரையாகவும் இருக்கலாம், நீர்ப்பிரமி என்ற வேறு செடியாகவும் இருக்கலாம்.

சரியான செடியே கிடைத்தாலும், அது வளரும் இடம்தான் என் பெரிய ஆட்சேபணை. ஈரம் தேடும் செடி இது. கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் வயல் வாய்க்கால், தேயிலைச் சரிவின் அடிவாரச் சதுப்பு, லயன் வீடுகளின் பின்பக்கச் சாக்கடை ஓரம். மேலே தெளித்த பூச்சிமருந்தும், போட்ட கோழி எருவும் வடிந்து வந்து சேர்வது அங்கேதான். தரையோடு ஒட்டிய இலை, அதில் மண், மண்ணில் டெட்டனஸ் கிருமியின் விதைகள். கழுவினால் மண் போகும், விதைகள் முழுதாகப் போகாது. கொதிக்க வைத்தாலும் சாகாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில். கீரையாகப் பொரியல் செய்து சாப்பிட இதெல்லாம் தடையில்லை, வயிறு வேறு. திறந்த காயத்துக்குள் பச்சையாக அரைத்து அப்புவதற்குத் தடை. நாட்டு மருந்துக் கடைப் பொடியைத் தூவுவதும் அப்படியே. பொடி பொருக்காகி, உள்ளே சீழ் பிடித்தாலும் வெளியே தெரியாது.

சரி, விரலில் வெட்டு என்றால் என்ன செய்வது? சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், பத்து நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். நின்றதும் ஓடும் குழாய் நீரில் ஐந்து நிமிடம் கழுவ வேண்டும், சுற்றித் தோலுக்கு மட்டும் சோப்பு. எஸ்டேட்டில் வருவது ஊற்று நீர் என்றால் கொதித்து ஆறிய நீர். ஊட்டி உயரத்தில் தளதளவென்று கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுங்கள், குன்னூரில் ஒரு நிமிடம் போதும். மண், தேயிலைத் துணுக்கு, முள் எது இருந்தாலும் எடுத்தாக வேண்டும், சீழ் பிடிப்பது பல நேரம் இதை விட்டதால்தான். டிங்ச்சர், யூகலிப்டஸ் தைலம் இரண்டும் புதுச் செல்லையும் சேர்த்து எரிக்கும். மெல்லிய வாசலின் பூச்சு, மேலே பிளாஸ்டர். தினம் ஒருமுறை, அல்லது நனைந்தால் உடனே மாற்றுங்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு மழைநாளில் இதுதான் கஷ்டம். கை நாள் முழுக்க ஊறினால் விளிம்பு வெளுத்துப் பிளந்துவிடும், பிளாஸ்டருக்கு மேல் ரப்பர் விரலுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

வல்லாரை உள்ளே வருவது மூன்றாம் நான்காம் நாள், காயம் சிவந்து வீங்காமல், கசியாமல், விளிம்பு ஒட்டத் தொடங்கியபின். கிரீமாகவோ ஜெல்லாகவோ, அளவு குறிப்பிட்டு விற்பதாக இருக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு, பல நாடுகளில் மருந்தாக விற்கும் மேடகாசோல் ஆயின்மென்ட்டில் இருப்பது 1 சதவீதத் தரப்படுத்திய சத்து. அந்தச் சத்தில் 40 சதவீதம் ஏசியாட்டிகோசைடு, மீதி இரண்டு அமிலங்கள். அதே பெயரில் கொரியாவில் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்த்த வகையும், அதோடு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்த வகையும் உண்டு. யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால் பின்பக்கம் படியுங்கள். நியோமைசின் பலருக்கு அலர்ஜி தரும். அழகுக் கிரீம்களில் 'வல்லாரைச் சாறு 80 சதவீதம்' என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். நான்கு சத்துகளில் ஏதாவது ஒன்றின் பெயரும் சதவீதமும் தனியாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மூன்று சென்டிமீட்டர் கீறலுக்குப் பச்சரிசி மணி இரண்டு அளவு போதும், தினம் இரண்டு வேளை, மூன்று வாரம் வரை. ஆனால் கிரீம் வாங்கியதுமே, காயம் படும் முன்பே, முன்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் காலை மாலை தடவி ஏழு நாள் பாருங்கள். வல்லாரை அலர்ஜி அபூர்வம், ஆனால் உண்டு, அது தாமதமாக வரும். தடவிய இடத்தைத் தாண்டி அரிப்பும் சிறு கொப்புளமும் பரவினால் அது அலர்ஜி. காயத்தைச் சுற்றி வலியும் சூடும் கூடினால் அது கிருமி. முதலாவதற்குக் கிரீமை நிறுத்த வேண்டும், இரண்டாவதற்கு ஆஸ்பத்திரி. 'காயம் சீக்கிரம் ஆற' என்று வல்லாரை மாத்திரை வாங்கி விழுங்குவது வேண்டாம். மாத்திரையாக 20 முதல் 60 நாள் எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதித்துக் காமாலை வந்தது 2005-இல் பதிவாகியிருக்கிறது.

மூடிய தழும்புக்கு மலையில் இன்னொரு எதிரி வெயில். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவுக்கு. குளிரில் வெயில் உறைப்பது தெரியாது, தழும்பு மட்டும் கறுக்கும். வல்லாரைக் கிரீம் பூசி வெயிலில் காட்டுவதைவிட ஒன்றும் பூசாமல் துணியால் மூடுவது மேல்.

அட்டைக்கடியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் உப்பு, சுண்ணாம்பு, புகையிலை, தீக்குச்சி எதையும் வைக்காதீர்கள். அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கும், அதன் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. போகும் முன் காலில் புகையிலை தேய்த்துக்கொள்வது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம். கடித்தபின், ஒல்லியான முனைதான் வாய், அந்தப் பக்கம் நகத்தைத் தோலோடு படுக்கையாகத் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே. அது உள்ளே விட்ட ஹிருடின் வகைச் சரக்கு ரத்தத்தை உறையவிடாது, மணிக்கணக்கில் கசியும். வல்லாரைக்கு அந்தச் சரக்கை முறிக்கும் சக்தியில்லை. காப்பித்தூளும் முறிக்காது, கசிவை ஒளித்து மட்டும் வைக்கும். கழுவி, காஸ் துணியை மடித்து வைத்து இறுக்கிக் கட்டி, காலை உயர்த்தி வையுங்கள். மறுநாளில் இருந்து அரிக்கும், நாள்கணக்கில். சொறிந்துதான் அது புண்ணாகிறது. கலாமைன் லோஷன் போடுங்கள், நகத்தை வெட்டுங்கள். கிரீம் போட ஆசையிருந்தால் அரிப்பு அடங்கியபின்.

விளிம்பு வாய் பிளந்து நிற்கிற வெட்டு, பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், விரல் நுனி மரத்துப்போவது, ஆணி குத்தியது, சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எதுவும், இவையெல்லாம் கிரீமின் கணக்கில் வராதவை. தையல் போட வேண்டிய வெட்டு என்றால் ஆறு எட்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேருங்கள். மழைநாளில் மலைப்பாதையில் ஆகிற தாமதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மேலே எதையும் அப்பாமல், அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள்.